கேட்கும் முன்பே நீட்டியது

பாங்கொக் விமான நிலைய வாசலில் எங்கள் பெயர்களை எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். நான் அதில் கடவுச்சீட்டை வைத்துவிட்டேன். வன்னியில் வளர்ந்தவன். சோதனைச் சாவடிகளில், கேட்கும் முன்பே அடையாள அட்டையை நீட்டுகிறவனைத்தான் கெதியில் போகவிடுவார்கள். அந்த மனிதர் கைகுலுக்கத்தான் வந்தாரோ என்னவோ, ஒரு கணம் திகைத்தார். பிறகு அதைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என்னோடு வந்தவன் மாங்குளத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். இருவருக்கும் ஒரே முகவர்தான் கணினி வேலை பிடித்துத் தந்திருந்தார். நகர நடுவில், இருபதாம் மாடியில் அலுவலகம் என்றார். அவன் கடவுச்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏன் அண்ணை குடுத்தனீங்கள்? இது எங்கட கையில இருக்கவேணுமெல்லோ?”

“குடு தம்பி. குடுக்காட்டித்தான் சந்தேகப்படுவாங்கள்.”

கொடுத்தான்.

எங்களை ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தெருவுக்கு மேல் தெரு, அதற்கும் மேல் ரயில். கண்ணாடிக் கட்டடங்களின் உச்சியைத் தேடிக் கழுத்து வலித்தது. முரசுமோட்டையில் எங்கள் வாசலில் நின்றால் முழு வானமும் தெரியும். இங்கே அது துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. எங்கள் இருபதாம் மாடி இதுவா அதுவா என்று விரலால் காட்டிக்கொண்டே போனேன், மோடன். வான் எங்கும் நிற்கவில்லை.

பிறகு மாடிகள் குறைந்தன. தகரக் கொட்டகைகள் வந்தன. கடைசியில் இரண்டு பக்கமும் பச்சை வயல், வரம்பு, கொக்கு. கமக்காரனான நான் வயலைக் கண்டு நடுங்கியது அன்றுதான்.

“அண்ணை, ஒஃபிஸ் ரவுனுக்குள்ள எண்டுதானே சொன்னவங்கள்?”

எங்கே போகிறோம் என்று முன் இருக்கையில் இருந்தவரிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். எங்கள் பக்கக் கதவில் உள்ளே கைப்பிடி இல்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

எல்லைக்கு அப்பால், முள்வேலிக்குள், தொலைபேசியில் ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலைதான் எங்களுக்கு இருந்தது. எட்டு மாதம் கழித்து அந்த நாட்டு இராணுவம் உள்ளே புகுந்தபோது நான் வெளியே வந்தேன். அதற்கு முன்பே அவனை வேறு இடத்துக்கு விற்றுவிட்டார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

ஊர் திரும்பியதும் மாங்குளம் போய் அவனுடைய அம்மாவைக் கண்டு, விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டுகள் கைமாறியதைச் சொன்னேன். தேநீர் தந்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார்.

“அவன் ஆரையும் லேசில நம்பமாட்டான் தம்பி. பாஸ்போட்டை எப்பிடிக் குடுத்தவன்?”

“தெரியாதம்மா,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள் எண்டதுதான் எனக்கு ஒரு ஆறுதல்,” என்றார்.