சுருள்படி எந்தப் பக்கம் திரும்பும்

“இறக்காதீங்க! அப்படியே நிறுத்துங்க!”

கிரேன் நின்றது. இரும்புச் சுருள்படி தரைக்கு ஒரு முழம் மேலே சங்கிலியில் லேசாக ஆடியது. அதன் மேல்படி மாடிச் சுவரின் இடது கோடிக்கு நேராக இருந்தது. கொத்தனார் உடைத்துவைத்திருந்த வாசல் வலது கோடியில் இருந்தது. நடுவே பத்தடிச் சுவர்.

“சுத்தி வைங்கப்பா” என்றார் பட்டறைக்காரர்.

இரண்டு பேர் கயிறு பிடித்துச் சுற்றினார்கள். மேல்படி வாசலுக்கு வந்தது. கீழ்ப்படி போய்ச் சுவரில் இடித்தது.

“இப்ப ஏறணும்னா ஆளு சுவத்துக்குள்ளேருந்துதான் வரணும்” என்றார் கிரேன்காரர்.

பட்டறைக்காரரின் தங்கை மதிலோரம் நின்றாள். வயது நாற்பத்தொன்று. அண்ணனின் பட்டறையில் பதினாறு வருஷமாக வரைபடம் போடுகிறவள். வரைபடத்தைக் காட்டினால் வாடிக்கையாளர்கள் தலையாட்டுவார்கள். பொருள் வந்து இறங்கியதும் “இதையா சொன்னோம்?” என்பார்கள். அந்தக் கேள்வியை ஒழிக்க, மதியச் சாப்பாட்டு வேளைகளில் தானே படித்து, ஏழு மாதத்தில் ஒரு இணையப் பக்கம் எழுதினாள். இணைப்பை அனுப்பினால் போதும். எந்த போனிலும் பிரவுசரில் திறந்து, இரும்பு கேட்டோ மேசையோ, விரலால் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். “அதைச் சுத்திப் பாக்கிற நேரத்துல என்னையும் ஒரு சுத்து பாத்திருக்கலாம்” என்பார் கணவர்.

திங்கட்கிழமை ஒரு பெரிய குடியிருப்பின் இன்ஜினியருக்கு அதைக் காட்ட ஏற்பாடாகியிருந்தது. “நீயே வந்து காட்டு” என்றிருந்தார் அண்ணன். பதினாறு வருஷத்தில் அவர் அவளை எந்த இன்ஜினியர் முன்னாலும் நிறுத்தியதில்லை.

“கண்ணை எங்கய்யா வச்சிருந்த?” அண்ணன் கொத்தனார்மேல் பாய்ந்தார்.

“போன்ல பாத்துத்தாங்க உடைச்சேன். தங்கச்சி அனுப்பினதுதான்.”

“இடது எது வலது எதுன்னு தெரியாதவன்லாம் கரணை பிடிக்க வந்துட்டான். ஒன்பது வருஷமா உன்னைக் கூப்பிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும். இனிமே நம்ம வேலைப் பக்கம் வராதே.”

கொத்தனார் போனை எடுத்தார். விரலில் சிமெண்டுத் தூசி. திரை அசையவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தேய்த்து நீட்டினார். அண்ணன் பார்க்கவில்லை. தங்கை வாங்கிப் பார்த்தாள்.

இரும்பில் படி ஒரு பக்கமாகத் திரும்பி ஏறியது. திரையில் மறுபக்கமாகத் திரும்பியது.

முதன்முதலில் ஒரு மேசையைத் திரைக்குக் கொண்டுவந்தபோது அது மல்லாந்து கிடந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். வரைபட மென்பொருளில் உயரம் மூன்றாவது எண்; பிரவுசரில் இரண்டாவது. இரண்டையும் இடம் மாற்றினாள். மேசை எழுந்து நின்றது. தனியாகக் கைதட்டிக்கொண்டாள். மாற்றியதில் ஒன்றுக்குக் கழித்தல் குறி போட்டிருக்க வேண்டும். போடாததால் அன்றிலிருந்து எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிந்திருக்கிறது. மேசைக்கும் ஜன்னல் கம்பிக்கும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். சுருள்படி இதுதான் முதல். வெல்டர் வரைபடத்தைப் பார்த்துச் செய்தார். கொத்தனாருக்குப் போனது இணைப்பு மட்டும்.

இங்கே இருந்த யாருக்கும் இது தெரியாது. சத்தமில்லாமல் திருத்திவிடலாம்.

கொத்தனார் கரணையையும் தூக்குக்குண்டையும் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே.”

“நீ சும்மா இரு.”

“தப்பு அவர்மேல இல்ல. நான் எழுதினதுல இருக்கு. இடதை வலதா காட்டியிருக்கு.”

“என்ன உளர்றே?”

அவள் போனைத் தொங்கும் படிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அண்ணன் இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இது ஒண்ணு மட்டுமா?”

“எல்லாமே.”

“எல்லாமேன்னா? போன மாசம் அந்த கேட்டு? தாழ்ப்பா எதிர்ப்பக்கம் இருக்குன்னு அவங்க கத்தினப்ப வெல்டரை நான் வாங்கு வாங்குன்னு வாங்கினேனே?”

அதை அவள் மறந்திருந்தாள். “அதுவும்தான்.”

“நான் எவ்ளோ நேரம் தொட்டில் ஆட்டுறது?” என்று கத்தினார் கிரேன்காரர்.

“ஓரமா வைங்க.” அண்ணன் அவளிடமிருந்து போனை வாங்கிக் கொத்தனாரிடம் கொடுத்தார். “காலைல வந்துடுய்யா.” பிறகு தங்கையின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “திங்கக்கிழமை நீ வர வேணாம்.”

மறுநாள் கொத்தனார் எட்டு மணிக்கு வந்தார். இடது கோடியில் வாசல் உடைத்து, வலது கோடியை அடைத்தார். கல் போதாமல் இன்னும் முப்பது வந்தது. கிரேன் மூன்று மணிக்கு வந்தது. நாலேகாலுக்குப் படி நின்றது. அவள் ஆபீஸில் கழித்தல் குறியைப் போட்டாள். இதுவரை அனுப்பிய இருபத்துமூன்று இணைப்புகளையும் எடுத்துவைத்து, ஒவ்வொன்றாக வரைபடத்தோடு ஒப்பிட்டாள். மாலைக்குள் பதினேழு முடிந்தது. அண்ணன் திங்கட்கிழமைக்கு வேண்டிய காகித வரைபடங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வெல்டர் ஆபீஸ் வாசலில் நின்று, கேட் விஷயம் கேள்விப்பட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.