மூச்சு கேட்கும் இடம்

அந்தப் பெரியவர் எங்களோடு சேர்ந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என்று நினைக்கிறேன். டாக்டர் அன்றைக்கு எடுத்துவைத்திருந்த இசைத்தட்டு முடிந்து, டீ வந்து, ஆளுக்கொரு கப்பைக் கையில் வைத்திருந்தோம். பெரியவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நான் ஒண்ணு போடட்டா டாக்டர்? எனக்க வீட்டுக்காரி வாசிச்சதாக்கும்."

ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரின் வீட்டு மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு, சாயங்காலம் நாலு மணிக்கு, ஐந்தாறு பேர் கூடிப் பியானோ ரிக்கார்டுகள் கேட்போம். யாருக்கும் வாசிக்கத் தெரியாது. கேட்க மட்டும்தான் தெரியும். ஒரே சொனாட்டாவை இந்த மேதை எப்படி வாசித்தார், அந்த மேதை எப்படி வாசித்தார் என்று ஏதோ அவர்களெல்லாம் எங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் போலப் பேசிக்கொள்வோம். டாக்டர் மலையாளி. நான் கரமனை அக்ரஹாரத்துக்காரி. எங்கள் தெருவில் சங்கீதம் என்றால் வாய்ப்பாட்டும் வீணையும்தான். என் பியானோப் பைத்தியத்தைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு முப்பது வருஷமாக ஒரே அபிப்பிராயம்: "எந்தாக்கும் இது, தகரத்துல மழை பெய்யறாப்ல?"

புதிதாக வந்தவருக்கு எழுபது வயது இருக்கும். மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர், ஞாயிறுதோறும் சபையில் ஆர்கன் வாசித்தவர். இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று யாரோ சொல்லி எங்களிடம் வந்தார். மற்றவர்கள் பேசும்போது ஒரு வார்த்தை பேச மாட்டார். முழங்கால்களின் மேல் கைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்பார்.

டாக்டர் அவருடைய போனை ஸ்பீக்கரோடு இணைத்தார். பழைய கேசட்டிலிருந்து ஏற்றியது போலிருக்கிறது, முதலில் ஒரே இரைச்சல். அப்புறம் பியானோ தொடங்கியது.

நாலாவது சுரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கப்பைக் கீழே வைத்தேன்.

இருபத்தேழு வயதில் எனக்கு ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தை தங்காமல் போனது. ஒரு மாதம் மெடிக்கல் லீவில் வீட்டில் படுத்திருந்தேன். ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு பெண் பார்க்க வந்தபோது, சும்மா படுத்திருக்காதே என்று ஒரு வாக்மேனும் இரண்டு கேசட்டும் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒன்று இந்த சொனாட்டா. வாசித்தவர் கடைசிக் காலத்தில் இருந்த ஒரு கிழவர். மெதுவான பகுதியில், முதல் ராகம் திரும்ப வருவதற்குச் சற்று முன்னால், அவர் மூக்கு வழியாக ஒரு மூச்சை இழுப்பது கேட்கும். அடுத்த நொடியே இடது கை ஒரு கட்டையில் போய்ப் பக்கத்துக் கட்டையையும் லேசாக இடித்துவிடும். பிறகு ஸ்டூல் கிறீச்சிடும். ரிக்கார்டு செய்தவர்கள் ஏனோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார்கள். அந்த மாதம் முழுக்க நான் அந்த மூச்சுக்காகத்தான் கேட்டேன் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். அறையில் நான் தனியாக இல்லை, இன்னொரு உயிரும் மூச்சு விடுகிறது என்று இருக்கும். அந்தக் கேசட்டை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேனோ.

டாக்டர் வீட்டு மாடியில் அந்த இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவர் விரலை உயர்த்தினார்.

"இப்ப பாத்துக்கிடுங்க… இந்தா. கேட்டியளா? அவ மூச்சாக்கும் அது."

மூச்சு வந்தது. இடது கை இடித்தது. ஸ்டூல் கிறீச்சிட்டது.

அவருடைய கண்கள் நிறைந்திருந்தன. "தெனமும் காலைல இத ஒரு தடவ கேட்டுட்டுத்தான் பல்லு தேய்ப்பேன்" என்றார். "போட்டோவுல மூச்சு இல்லல்லா, மேடம்?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? ஒருவர் கைதட்டினார். இன்னொருவர், இவ்வளவு பெரிய கலைஞர் நம் ஊரில் இருந்தும் தெரியாமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டார். டாக்டர் மட்டும் ஸ்பீக்கரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது படி வரைக்கும் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பறயண்ட, கேட்டோ."

சொல்ல வேண்டாம். அது கிழவரின் ரிக்கார்டு என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது கோபம்கூட வந்தது. மனைவி இத்தனை வருஷம் புருஷனை ஏமாற்றியிருக்கிறாளே என்று அந்த முகம் தெரியாத பெண்மேல் கோபம். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவருக்கு அதுல ஒரு நிம்மதி இருக்கோல்லியோ? உனக்கென்ன போச்சு?" என்றார்.

சொல்லாமல் விட்டிருப்பேன். ஆனால் அடுத்த முறை அவர் அந்தக் கேசட்டையே ஒரு துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். மனைவியின் முதல் வருஷ நினைவு ஆராதனையில் அதைப் போட வேண்டுமாம். தம்பானூரில் ஒரு கடையில் கொடுத்துத்தான் போனில் ஏற்றியிருக்கிறார், இரைச்சல் அதிகம். ஓடுகிற கேசட் பிளேயர் இன்னும் என்னிடம் இருப்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"கொஞ்சம் சுத்தமா எடுத்துத் தருவியளா மேடம்? ஒரு பக்கம் போதும். மத்தப் பக்கம் ஏதோ பிள்ளையோ பியானோ படிக்கதுன்னு கடைக்காரன் சொன்னான்."

கேசட்டின் மேல் நீல மையில் அந்த அம்மாளின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. வேறு ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் நாமெல்லாம் கேசட்டில் பெயர் எழுதி வைப்போமே, யாராவது இரவல் வாங்கிப் போனால் திரும்பி வருவதற்காக, அந்த மாதிரி எழுத்து. அதைப் பார்த்ததுமே எனக்கு உறைத்தது. அவள் யாரையும் ஏமாற்றவில்லை. தனக்குப் பிடித்த ஒன்றைப் பதிவு செய்து, தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். அவள் போன பிறகு பீரோவில் அது அவர் கையில் கிடைத்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து, முதல் பக்கத்தை எடுத்து முடித்தேன். பிறகு கேசட்டைத் திருப்பிப் போட்டேன். திருப்பியிருக்க வேண்டியதில்லை. அவர் ஒரு பக்கம் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்.

காக்கைச் சத்தம். தூரத்தில் ஒரு பிரஷர் குக்கர். அப்புறம் கொஞ்சம் சுருதி இறங்கிய பியானோவில் அதே சொனாட்டா, அதே மெதுவான பகுதி. தடுமாறித் தடுமாறி, நின்று, மறுபடி முதலிலிருந்து. பிள்ளை படிக்கிற வாசிப்பு இல்லை அது. எந்தச் சுரம் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்த கை. வேகத்துக்கு மட்டும் விரல் வரவில்லை. நாலைந்து தடவை ஒரே இடத்தில் விழுந்தது. "சே" என்று ஒரு பெண் குரல். பிறகு கதவுக்கு அப்பாலிருந்து ஒரு ஆண் குரல்.

"சாயா எடுக்கட்டா?"

"இப்ப வராதீங்க. இத மட்டும் முடிச்சிட்டு வாறேன்."

அவருடைய குரல்தான். முப்பது வருஷம் இளைய குரல்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிற்கவில்லை. முதல் ராகம் திரும்ப வரும் இடம் நெருங்கியது. நான் கையைத் துடைத்துக்கொண்டு பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் மூக்கு வழியாக மூச்சை இழுத்தாள். அதே இடத்தில், அதே நீளம். அடுத்து இடது கை பக்கத்துக் கட்டையை இடித்தது. கிழவர் இடித்த அதே கட்டை. உடனே அவள் சிரித்தாள், சின்னதாக. தப்பு சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் சிரிப்பது போல.

பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டில் துணி காயப்போடுகிறார்கள், எனக்கு மட்டும் பின்கழுத்தில் யாரோ ஊதினாற்போல இருந்தது. ஏனென்றால் அந்த இடத்தில் நானும் மூச்சை இழுத்திருந்தேன். எப்போதுமே இழுக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. இந்த ஊரில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், எனக்கு முகமே தெரியாத ஒருத்தி, அதே கிழவரின் அதே மூச்சை உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறாள். ஒரு நாளாவது அவளைப் பார்த்துப் பேசியிருக்கலாம். சபையில் ஆர்கன் வாசித்தவள், ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்தவள், எனக்கு மட்டும் தெரியாமல் போனாள்.

டாக்டர் சொன்னதை நான் கேட்கவில்லை. அவள் அங்கே அந்தப் பக்கத்தில் இருக்கும்போது, அவர் இந்தப் பக்கத்தில் வேறு யாருடைய மூச்சையோ கேட்டுக்கொண்டு பல் தேய்ப்பது எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பக்கத்தையும் போனில் ஏற்றிக்கொண்டு, நேமத்துக்கு அப்பால் இருக்கும் அவர் வீட்டுக்கு ஒரு காலை நேரத்தில் போனேன்.

முன்னறையில் பியானோ இருந்தது. மேலே வெள்ளைத் துணி, துணியின் மேல் அந்த அம்மாளின் படம். வட்ட முகம், கண்ணாடி. எங்கள் தெருவில் காய்கறி வாங்க நிற்கிற யாரும் போல இருந்தாள்.

"சார், இதுல ரெண்டு பக்கமும் இருக்கு" என்றேன். "முதல் பக்கம் அவா வாசிச்சது இல்லை."

அவர் புரியாமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவரைப் பற்றி, எனக்கு அந்த ரிக்கார்டு எப்படித் தெரியும் என்பதைப் பற்றி. என் போனில் இருந்த கிழவரின் ரிக்கார்டையும் அந்த இடத்தில் போட்டுக் காட்டினேன். மூச்சு, இடி, கிறீச்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் ஆறு மாசமா நான் ஆருக்க மூச்சக் கேட்டுக்கிட்டு இருந்தேன்?"

நான் போனை நிறுத்தினேன்.

"ஆரு அது? இருக்காரா?"

"இல்லை சார். போயி ரொம்ப வருஷம் ஆச்சு."

"செத்தவரு மூச்சு" என்றார். பிறகு, "நீங்க இதச் சொல்லாம இருந்திருக்கலாம்லா, மேடம்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் வந்தது அதற்கல்ல. "இதையும் ஒரு தடவை கேட்டுடுங்கோ" என்று இரண்டாவது பக்கத்தைப் போட்டேன்.

காக்கை. குக்கர். தடுமாற்றம். அவர் முகம் மாறவில்லை. "சே" என்ற குரல் வந்ததும் சட்டென்று நிமிர்ந்தார். சாயா எடுக்கட்டா என்று அவருடைய பழைய குரல் கேட்டபோது, அவர் திரும்பி அடுக்களைக் கதவைப் பார்த்தார். நிஜமாகவே அங்கே யாரோ நிற்பது போலப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன், வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

மூச்சு வந்தது. சிரிப்பு வந்தது. பியானோ தொடர்ந்து கொஞ்ச தூரம் போய், பாதியில் நாடா தீர்ந்துபோனது.

"அவ வாசிக்கும்போ என்ன உள்ள விட மாட்டா" என்றார் கடைசியில். "சபையில மட்டுந்தான் கேப்பேன். இங்க கதவ சாத்திக்கிடுவா. நான் இந்தப் புறத்த இருந்து, எவ்வளவு பெருசா வாசிக்கான்னு நெனச்சுக்கிடுவேன்." பியானோவின் மேலிருந்த படத்தைப் பார்த்தார். "தப்புத் தப்பால்லா வாசிச்சிருக்கா."

"அந்தத் தப்பு வேணும்னே வாசிச்சது சார். அவா எத்தனை தடவை கேட்டிருந்தா அது வரும்னு எனக்குத் தெரியும்."

அவர் தன் போனைக் கையில் எடுத்தார். இரண்டு பக்கப் பதிவையும் அதற்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். வந்துவிட்டதா என்று இரண்டு முறை பார்த்தார்.

"அவ வாசிச்சது உங்க போன்ல இருக்கண்டாம். அழிச்சிருங்க."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். கேசட்டையும் கொடுத்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார். மறுபடி வாருங்கள் என்று சொல்லவில்லை.

அடுத்த நாலைந்து மாதம் அவர் வரவில்லை. டாக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, ஆனால் பேச்சில் ஒரு அளந்து வைத்த மரியாதை வந்துவிட்டது. நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கிழவரின் ரிக்கார்டை ஒரு நாள் மத்தியானம் போட்டேன். அந்த இடம் வந்தது. மூச்சு கிழவருடையது, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அவள் சிரிப்பதற்காக என் காது காத்திருந்தது. ரிக்கார்டில் அந்தச் சிரிப்பு இல்லை. அது வர வேண்டிய இடத்தில் ஒரு சின்ன வெற்றிடம் இருந்தது, முன்பு எத்தனையோ வருஷம் கேட்டும் காதில் படாத ஒரு வெற்றிடம். நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி முயன்றேன், அப்போதும் அப்படித்தான். இப்போது அந்த சொனாட்டாவை நான் கேட்பதில்லை. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தால்கூடச் சில நாள் கை அப்படியே நின்றுபோகிறது. யாரோ உள்ளறையில் வாசிக்கத் தொடங்கப்போகிறார்கள் என்று.

நினைவு ஆராதனைக்குப் போன் வந்தது, அவரே கூப்பிட்டார். நானும் டாக்டரும் போனோம். ஜெபம் முடிந்ததும் அவர் எழுந்து மைக் பக்கத்தில் நின்றார். "இது அவ ரொம்ப இஷ்டப்பட்டுக் கேட்டதாக்கும்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். கிழவரின் வாசிப்பு சர்ச் முழுக்க நிறைந்தது. பின்வரிசையில் அவளிடம் படித்த பெண்கள் அழுதார்கள். அந்த மூச்சு வந்தபோது நான் அவரைப் பார்த்தேன். அவர் தலை குனிந்திருந்தார். இன்னொரு பதிவை அவர் யாருக்கும் போடவில்லை. தினமும் கேட்கிறாரா, ஒரு தடவைக்கு மேல் கேட்கவே இல்லையா, நான் கேட்டதும் இல்லை.

மழை விட்ட ஒரு ஞாயிறு அவர் திரும்பி வந்தார். குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் புதிதாக வாங்கிய ஓர் இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"இவரு இருக்காரா டாக்டர்?"

"இல்ல. மரிச்சு போயி."

அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ரிக்கார்டுக்கும் முன்னால் அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்கிறார். நாங்கள் போடுவது பெரும்பாலும் இறந்தவர்களைத்தான், அதனால் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். பதில் கிடைத்ததும் நாற்காலியை ஸ்பீக்கருக்குக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.