தம்புசாமி அணைத்த சூடம்

மலாயாவில், மலாக்காவை அடுத்த சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். பேர் வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அங்கே பட்டையைக் கீறிப் பால் எடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்த தம்புசாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அக்காள் மகள் பெரியநாயகியைக் கட்டியிருந்தார். பிள்ளைகள் இல்லை. கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அதனால் அவர் கதையைச் சொல்ல சிவசாமியாகிய எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் அரிப்புத்தான். ஆண்குறியின் நுனித்தோல் சிவந்து, உள்ளே தயிர் ஏடு மாதிரி வெள்ளை படிந்தது. பிறகு தோல் இறுகி வெடிப்பு விட்டது. ஒன்றுக்குப் போனால் எரிச்சல். அதுவும் ஒரு நிரை மரம் வெட்டி முடிப்பதற்குள் நாலு தடவை ஒதுங்குவார். "என்னண்ணே, மரத்துக்கெல்லாம் நீங்கதான் தண்ணி ஊத்துறீங்களா?" என்று கேலி செய்தவன் நானேதான்.

இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சொல்லக் கூசித்தான் அந்த மனிதர் ஆறு மாதம் சும்மா இருந்தார்.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் ஒரு பெஞ்சு, ஓர் அலமாரி, மருந்து கட்டிவிட ஒரு டிரெசர். அந்த டிரெசர் வேட்டியை விலக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கும்போதே, "எந்தப் பொம்பளகிட்டடா போனே?" என்றார்.

"யாருகிட்டயும் போகலைங்க ஐயா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றான்."

கழுவ ஊதாத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். பத்து நாளில் ஆறியது. மாதம் திரும்புவதற்குள் மறுபடி வந்தது. மறுபடி ஊதாத் தண்ணீர், மறுபடி குணம், மறுபடி அரிப்பு. தம்புசாமிக்கு வெட்டை நோய் என்ற பேச்சு அதற்குள் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்விட்டது.

பெரியநாயகி சண்டை போடவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு மேல் லயத்தில் இருந்த தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். "அம்மன் முன்னால சூடம் அணைச்சுச் சொல்லு மாமா. நான் திரும்பி வாரேன்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமையே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தம்புசாமி சூடம் ஏற்றினார். "இவளத் தவிர வேற பொம்பளையத் தொட்டதில்ல ஆத்தா" என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தார். பட்டென்று அடித்துவிட்டுக் கையை எடுப்பதுதான் வழக்கம். இவர் அழுத்தி வைத்துக்கொண்டே நின்றார். அன்று சாயங்காலம் பெரியநாயகி பாயோடு திரும்பி வந்தாள். தம்புசாமி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நானும் என் பங்குக்கு வைத்தியம் பார்த்தேன். "எல்லாம் உடம்புச் சூடுண்ணே. குளிர்ச்சியாக் குடிச்சாப் போயிடும்லா" என்று சொல்லி, பக்கத்து மலாய்க்காரர் கம்போங்கில் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லம் வாங்கிவந்து கரைத்துக் கொடுத்தேன். தினமும் இரண்டு செம்பு. அவருக்கு எப்போதும் தாகம். "நீ நல்லா இருப்பே சிவசாமி" என்று வாங்கிக் குடித்தார்.

மூன்றாம் வாரம் எல்லாம் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. அதையாவது வேட்டிக்குள் மறைக்கலாம். கையை என்ன செய்வது? சூடம் சுட்ட இடத்தில் கொப்புளம் உடைந்து, புண்ணாகி, ஓரம் கறுத்துக்கொண்டே வந்தது. அதே கோயிலில் எத்தனையோ பேர் சூடம் அணைத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் வெட்டுக்கத்தியைப் பிடித்திருக்கிறார்கள். இவருக்கு மட்டும் ஆறவில்லை. தோட்டத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? "பொய்ச் சத்தியம். ஆத்தா காட்டிக் குடுத்துட்டா" என்றார்கள். நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பெரியநாயகி இந்தத் தடவை பாயோடு பெட்டியையும் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு தம்புசாமியிடம் எதுவும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்பார். பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவார். துணி சுற்றிய கையோடு மரம் வெட்டுவார். திட்டினாலும் அதே முகம், சோறு வைத்தாலும் அதே முகம். "வலிக்குதாண்ணே?" என்று கேட்டால், "தெரியலப்பா" என்பார்.

இரண்டு விரல் கறுத்து நாற்றம் எடுத்த பிறகுதான் கங்காணி அவரை வேலையை விட்டு வெளியே போக விட்டார். பஸ் ஏற்றி மலாக்கா டவுனில் தெங்கேராவில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் கையைப் பார்த்தார். ஒன்றுக்கு எத்தனை தரம் போகிறார் என்று கேட்டார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு வேட்டியை விலக்கியும் பார்த்தார். இத்தனை மாதத்தில் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவர்தான். மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தது.

"இது நீரிழிவு. மூத்திரத்தில சீனி போகுது. சீனி பட்ட ஈரத்தோலில பூஞ்சணம் பிடிக்கும். கழுவினாப் போகும், சீனி குறையாட்டித் திரும்ப வரும். கைப் புண்ணும் அதாலதான் ஆறேல்லை. பொம்பிளையளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார். பிறகு, "இனிப்பு ஏதும் குடிக்கிறவரோ?" என்று கேட்டார்.

நான் வெல்லத்தைச் சொன்னேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு நான் தகுதியானவன்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலையும் எடுத்தார்கள். நான் தோட்டத்துக்குத் திரும்பி, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பெரியநாயகியிடம் சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸில் என்னோடு வந்தாள். கட்டிலண்டை வந்ததும் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் நம்பியிருக்கணும் மாமா. எம்மேல கோவமா? திட்டு மாமா. நாலு அடி வேணும்னாலும் அடி."

தம்புசாமி அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கோவம் வந்தா நல்லாத்தான் இருக்கும் புள்ள. நானும் பாத்துட்டேன். வரல."

பெரியநாயகி வாய்விட்டு அழுதாள். வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "அடுத்த பஸ் எத்தன மணிக்கு சிவசாமி? அவள ஏத்தி விட்டுரு" என்றார்.