மில்லு ஆளுங்க

நேற்றுக் காலை மகள் செல்பேசியில் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தாள். அவளுடைய அலுவலகத்தை நடுவில் வைத்து ஒரு நீல வட்டம். அந்த வட்டத்துக்குள் எங்கே வீடு பிடித்தாலும் முக்கால் மணி நேரத்தில் வேலைக்குப் போய்விடலாமாம். உள்ளே சிவப்புப் புள்ளிகளாக இருபது முப்பது வீடுகள். ஒவ்வொன்றையும் தொட்டால் சமையலறை, குளியலறை, பால்கனி என்று படம் வருகிறது. "நீயும் அப்பாவும் எப்படிம்மா வீடு செலக்ட் பண்ணீங்க?" என்று கேட்டாள். "பஸ்ல போய்த் தேடினோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே இன்னொரு தடவை துடைத்தேன். வாசலுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். மகளுக்கு நான் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் சிரிப்பு வருகிற பாதியை. மீதியை உங்களிடமாவது சொல்லிவிட்டால் தேவலாம் போலிருக்கிறது.

எங்களுக்கு வட்டமெல்லாம் இல்லை, ஒரு கோடுதான். கோட்டின் ஒரு முனையில் கள்ளக்குறிச்சி. அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் நான் தட்டச்சர். மறுமுனையில் மூங்கில்துறைப்பட்டு. அங்கே சர்க்கரை மில்லில், கரும்பு வண்டிகளை எடை போடும் இடத்தில் என் கணவருக்கு வேலை. பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆளுக்கொரு முனையில் இருந்தோம். நான் பெண்கள் விடுதியில், அவர் மில் நண்பர்களோடு ஓர் அறையில். மகள் வயிற்றில் மூன்று மாதம். வயிறு தெரிய ஆரம்பித்தால் விடுதியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குள் ஒரு வீடு வேண்டும்.

தட்டச்சர் புத்தி எங்கே போகும். வீடு தேடுவதற்கு ஒரு படிவமே அடித்து வைத்திருந்தேன். முதல் பஸ், கடைசி பஸ், கிணறு, கக்கூஸ், அவருக்கு எத்தனை நிமிடம், எனக்கு எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டமாக. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவோம். வீட்டுக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்பதற்கு மட்டும் நான் கட்டம் போடவில்லை. எல்லோரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். "நீங்க இன்னா ஆளுங்க?"

அவர் ஊர். நான் காலனி. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரராக இருந்தால் ஒரு வார்த்தை. நிலம் வைத்திருப்பவர்களின் தெருக்களுக்குப் பெயர் ஊர். அந்த நிலத்தில் கூலிக்கு இறங்குகிறவர்கள் கொஞ்சம் தள்ளி இருக்கிற இடத்துக்குப் பெயர் காலனி. என் அப்பா தியாகதுருகத்துக்குப் பக்கத்துக் காலனியில் இருந்தார். களை வெட்டுவார், கரும்பு வெட்டுவார். கணவர் வீட்டில் எங்களைச் சேர்க்கவில்லை. என் அப்பாவோ "இங்க வந்து இருங்க" என்றார். இவரும் "இருந்துட்டா இன்னா?" என்று தயாராகிவிட்டார். மாட்டேன் என்றவள் நான்தான். படித்து, பரீட்சை எழுதி, வேலை வாங்கி அங்கிருந்து கிளம்பியது திரும்பிப் போவதற்கா என்று ஒரு வீம்பு. ஊருக்குள், பஸ் போகிற தெருவில் ஒரு வீடு வேண்டும் எனக்கு. வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

முதலில் தியாகதுருகம் போனோம். மலைக்கோட்டை தெரிகிற மாதிரி, கடைவீதிக்குப் பின்னால் மாடி வைத்த ஒரு மெத்தை வீடு. கள்ளக்குறிச்சிக்கு நிமிடத்துக்கொரு பஸ் என்று சொல்லலாம். என் கட்டமெல்லாம் நிரம்பிவிட்டது. வீட்டுக்காரர் கடை வைத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒன்ன எங்கியோ பாத்திருக்கனே, எந்தப் பக்கம்?" என்றார். சின்ன வயதில் அப்பாவோடு மண்வெட்டி வாங்க அந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறேன். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "வூடு இருக்குது, ஆனா பொண்ணு வந்துகினு இருக்கா, அவளுக்குனு வெச்சிருக்கோம்" என்றார்.

அடுத்த வாரம் இன்னொரு ஊரில் இன்னொரு வீட்டுக்காரரின் பொண்ணு வந்துகொண்டிருந்தாள். அதற்கடுத்த வாரமும் ஒரு பொண்ணு. அந்த வருஷம் எங்கள் தாலுகாவில் வீடு வைத்திருந்த அத்தனை பேரின் மகள்களும் ஒரே சமயத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார்கள். மகளுக்கு நான் சொன்ன பாதி இதுதான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வடக்கனந்தல் ஊரை நினைத்தால் இப்போதும் மனம் அலைகிறது. வாய்க்காலை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு. பின்கதவைத் திறந்தால் கல்வராயன் மலை. மலையிலிருந்து இறங்கியவர்கள் சாமை மூட்டையையும் கடுக்காயையும் பஸ் நிற்குமிடத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். தெருவெல்லாம் கடுக்காயின் துவர்ப்பு வாசனை. அந்த வீட்டுக்காரம்மாவுக்குக் காது மந்தம். இன்னா ஆளு என்று அவர் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தாலும் நாங்கள் சொல்வது விழுந்திருக்காது. எனக்கு அங்கேயே பாயை விரித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் இவர் மில்லுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஷிப்டுக்கு எந்தப் பஸ்ஸும் இல்லை. தாளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவரோடு நான் பேசவில்லை. பஸ் நேரத்துக்காக அவரிடம் கோபித்துக்கொண்டது என்ன நியாயம் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவை இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். சுவரெல்லாம் அதுதான் எழுத்து, பஸ்ஸெல்லாம் அதுதான் பேச்சு. ஊர்த்தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் படிப்பும் வேலையும் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நானே அந்த வழியில் வந்தவள்தானே. ஆனால் ஒன்று மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அரசாங்கப் படிவத்தில் இன்ன சாதி என்று உண்மையை எழுதினேன், வேலை கிடைத்தது. வீட்டு வாசலில் அதே உண்மையைச் சொன்னால் வீடு கிடைக்காது. கேள்வி ஒன்றுதான், கேட்கிற இடம்தான் வேறு.

வீடு கடைசியில் எப்படிக் கிடைத்தது என்றால், இவருடைய வெள்ளந்தித்தனத்தால் கிடைத்தது. கோட்டின் நடுவில், மில்லுக்குப் போகிற ரோட்டில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் கரும்பு விவசாயி, பெயர் கோவிந்தன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இவருக்குத் தலைவலி. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்தார். கோவிந்தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நீங்க இன்னா ஆளுங்க?"

"மில்லு ஆளுங்க" என்றார் இவர்.

எங்கே வேலை என்று கேட்பதாக நினைத்துவிட்டார். கோவிந்தன் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு அவர் முகம் விளக்கேற்றியதுபோல ஆகிவிட்டது. "மில்லா! மொதல்லியே சொல்றதில்லியா. ஏ பச்சையம்மா, மோர் கொண்டா!" அவருடைய கரும்பு வெட்டும் பருவம் தாண்டிப் பூவெடுத்துக்கொண்டிருந்தது. வெட்டலாம் என்று மில்லிலிருந்து கட்டிங் ஆர்டர் வர வேண்டும். அது பதிவு வரிசைப்படி வருவது. எடை போடுகிறவருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கோவிந்தனுக்கு மில் ஆள் வீட்டிலேயே இருந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை. இவருக்கோ இல்லை என்று சொல்ல வாய் வராது. மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். அடுத்த வாரமே குடிபுகுந்தோம்.

குடிபுகுந்தோம் என்றுதான் பெயர். ஒரு சாக்குப் பையை நான் அவிழ்க்கவே இல்லை. இரண்டு புடவை, சான்றிதழ்கள், ஒரு பாத்திரம். எந்த நிமிடமும் கிளம்பத் தயாராக அது மூலையில் இருந்தது. யாராவது தெருவில் சத்தமாகப் பேசினால் எழுந்து நிற்பேன். சாயங்காலங்களில் கோவிந்தன் இவரைப் பிடித்துக்கொண்டு, "நம்ம புள்ளைங்களுக்குனுதான கேக்கறோம், தம்பி?" என்பார். 'நம்ம' என்ற அந்த வார்த்தையில் இவரோடு நானும் இருப்பதாக அவராகவே நினைத்துக்கொண்டார். நான் தலையை ஆட்டுவேன். பச்சையம்மா அதிகம் பேச மாட்டார். என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் குழம்போ கீரையோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அந்த அன்பு எனக்கு இறங்கவே இறங்காது. தெரிந்தால் இதைக் கொடுப்பாரா என்றே தின்னும்போதெல்லாம் தோன்றும்.

பிறகு அந்த வாரம் வந்தது. போராட்டக்காரர்கள் ரோடெல்லாம் மறித்துவிட்டார்கள். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். வெட்டுப்பட்ட புளியமரத்துக்குப் பச்சையாக, லேசாகப் புளித்த ஒரு வாசனை உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை. இவர் மில்லிலேயே மாட்டிக்கொண்டார். எனக்கு அலுவலகம் போக வழியில்லை. எங்கேயோ காலனிக் குடிசைகள் எரிந்ததாக ஒருவர் சொன்னார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார். எது நிஜம் என்று தெரியாமல், அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

நாலாம் நாள் உச்சி வெயிலில் வாசலில் பச்சையம்மாவோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் ஓர் ஆள் வந்தார். தோளில் ஒரு துணி மூட்டை. செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். தகிக்கிற மண்ணில் வெறுங்காலோடு, தெருவின் ஓரமாக. என் அப்பா. தியாகதுருகத்திலிருந்து வயல்வழியாகவே நடந்து வந்திருந்தார். ஊர்த்தெரு என்றால் செருப்பைக் கழற்றிவிடுவது அவருடைய காலுக்குப் பழகிய பழக்கம். அவரைக் கேட்டால் கழற்றியதே தெரிந்திருக்காது. என் முகவரியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், என்னைக் கண்டதும் நின்று சிரித்தார்.

பச்சையம்மா முறத்தைக் கீழே வைத்தார். "யாரும்மா அது?"

யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன். வயிற்றை நினைத்தேன், சாக்குப் பையை நினைத்தேன், பஸ் இல்லாத ரோட்டை நினைத்தேன். பிறகு சொன்னேன்: "மில்லுல கூலி வேல செய்றவரு, அக்கா. எங்க வூட்டுக்காரரு சேதி சொல்லி அனுப்பியிருப்பாரு."

அப்பாவுக்குக் கேட்டது. சிரிப்பு மட்டும் நின்றது. அரை நொடிதான். மூட்டையை இறக்கி வாசலுக்கு வெளியே வைத்தார், உள்ளே வேர்க்கடலை. "ஆமாங்கம்மா. சாரு நல்லாருக்காருங்க. ஒன்னியும் பயப்பட வேணாம்னு சொல்லச் சொன்னாருங்க. இந்த மல்லாட்டையக் குடுக்கச் சொன்னாருங்க." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டு. "ஒடம்பப் பாத்துக்கோங்க" என்றார். நான் சரி என்றேன். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பச்சையம்மாதான் சொம்பு எடுக்க எழுந்தார். அதற்குள் அப்பா திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பச்சையம்மா சொம்போடு அப்படியே நின்றார். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மாந்தூரம் நடந்து வந்திருக்காரு. ஒங்கப்பனுக்கு ஒரு வாய் சோறு போட்டு அனுப்பியிருக்கலாம் இல்ல?"

"அக்கா…"

"மூக்கு அப்படியே இருக்குது. மூஞ்சியப் பாத்தா தெரியாதா? போ, கூப்புடு."

தெருவில் ஓடினேன், ஐந்து மாத வயிற்றோடு. ரோடு முனையில் அப்பா தெரிந்தார். வெட்டிப் போட்ட மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கத்தில் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். மரத்தின் மேல் ஏழெட்டு வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்று கூப்பிட்டால் போதும், திரும்பியிருப்பார். நான் கூப்பிடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

பச்சையம்மா யாரிடமும் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. என்னால்தான் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ் ஓட ஆரம்பித்த மாதமே கள்ளக்குறிச்சியில் ஓர் இருட்டு அறைக்குப் போய்விட்டோம். இவர் எட்டு வருஷம் பஸ்ஸில் மில்லுக்குப் போய் வந்தார், ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. பிறகு சொந்த வீடு கட்டினோம், ஊரும் காலனியும் இல்லாத ஒரு புது நகரில். ரோடு இப்போது நாலு வழியாகிவிட்டது, புளியமரம் ஒன்றுகூட இல்லை. செருப்பைக் கையில் பிடித்து நடப்பதைச் சொன்னால் என் மகளுக்குக் கதை.

அப்பா புது வீட்டுக்கு அடிக்கடி வருவார். அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்கு முன்னால் அவர் வாயில் நான் எப்போதும் 'டீ'தான். "இன்னாடி கண்ணு", "சோறு துன்னியாடி", "எங்கடி போய்க்கினு இருக்க". அலுவலகத்தில் சேர்ந்த அன்றும் "ஆபீசராயிட்டியாடி" என்றுதான் கேட்டார். அதற்குப் பிறகு "வாங்க, நல்லாருக்கீங்களா, பேத்தி தூங்குதுங்களா" என்று ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் தாங்காமல் கத்திவிட்டேன். "இன்னாப்பா, பெத்த பொண்ணப் போயி வாங்க போங்கன்னுகினு?" அவர் சிரித்தார். கேலி இல்லை, கோபமும் இல்லை. "பழகிப்போச்சிங்கம்மா" என்றார்.

அவர் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்று என்னை மேடம் என்கிறார்கள், அம்மா என்கிறார்கள், அத்தை என்கிறார்கள். 'டீ' போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் ஒருவர் இருந்தார். அவர் வாயிலிருந்து அதைப் பிடுங்கியவள் நான்.