தாய்மாமன் கடை பவர் சப்ளை

என் தங்கையின் மகள் வழிப் பேத்தி கோகிலவாணி, பாலக்கோடு தக்காளி மண்டிச் சம்பளத்தில், கேம் ஆடச் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டினாள். அந்தக் குட்டிப் பெட்டிக்குள் அடங்கும், கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் கிடைக்கவில்லை. தர்மபுரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தாய்மாமன் வீரமணியிடம் போனாள். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம்.

"அறுநூத்தம்பது வாட்டுதானுங்களே மாமா? பில்லு?"

"மாமன்கிட்டயே பில்லு கேக்கறியா கழுத?" என்று சிரித்தான்.

வெட்கப்பட்டு, அப்படியே வாங்கிவந்து மாட்டினாள். மூன்றாம் நாள் ஆட்டத்தின் நடுவே அது புகைந்தது. கிராபிக்ஸ் கார்டும் கருகியது. கழற்றிப் பார்த்தால், அறுநூற்றைம்பது என்ற ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு பழைய ஸ்டிக்கர்: நானூற்றைம்பது வாட்.

போன் செய்தாள். "உங்க வூட்டுக் கரண்டு சரியில்ல கண்ணு" என்றான்.

"வேற கடையா இருந்தா நல்லா பாத்து வாங்கியிருப்பேனுங்க. மாமன்னுதான் பாக்கல."

இப்போது அவனைக் கடைக்காரர் என்றே சொல்கிறாள்.