துரை வீட்டு நாய்

திருத்தணியில் எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தின் கதைகள் எல்லாம் என் நைனாவுக்குத்தான் தெரியும் என்பார்கள். கல்லறைத் திருநாளன்று அவர் சலவை வேட்டியில் முன்னே போக, சென்னையிலிருந்து வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தபடி பின்னால் போவார்கள். ரயில் பாதை போட வந்து காய்ச்சலில் செத்த இஞ்சினியர், தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்த துரைசானி. துரைசானியின் சலவைக்கல் அருகே வந்ததும் நைனாவின் குரல் தழுதழுக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்வார். அவ்வளவு இளகிய மனம் ஊரில் வேறு யாருக்கும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

மதிலோரம் வேலிக்காத்தான் செடிகளுக்கு நடுவே ஒரு மண்மேடு இருந்தது. சிலுவை இல்லை, கல் இல்லை. அது யாருடையது என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுவா? தொரை வளத்த நாயிம்மா. அங்கெல்லாம் போவாத, பூச்சி பொட்டு இருக்கும்."

அதன்பிறகு அந்தத் தோட்டத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், எல்லோரும் அவரவர் கல்லறைக்குப் பூ வைத்துக்கொண்டிருக்க, நான் தின்ற பன்னில் பாதியைப் பிய்த்து அந்த மேட்டில் வைத்து, "ச்சூ ச்சூ" என்று கூப்பிட்டேன்.

"இன்னா பண்ணிகினு கீற?"

திரும்பினால் சித்தப்பா. ஓசூரில் வேலை பார்த்த அவர் வெகுகாலம் கழித்து அன்றுதான் வந்திருந்தார். கையில் ஒரு மெழுகுவத்தி.

"தொரை நாய்க்கு பன்னு வெக்கிறேன் சித்தப்பா. இங்கதான் பொதைச்சாங்களாம், நைனா சொன்னாரு."

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். மெழுகுவத்தியை மேட்டில் ஊன்றி, "அவளுக்கு பன்னுன்னா உசுரு" என்றார்.

"பொட்ட நாயா சித்தப்பா?"

அவர் எழுந்து நேரே துரைசானியின் கல்லறைக்குப் போய் நைனாவின் சட்டையைப் பிடித்தார்.

"ஒரு சிலுவை நடக்கூட உடல நீ. இப்ப கொழந்தைக்கு நாயின்னு சொல்லிக்குடுத்துகினு கீறியா?"

செல்போன்கள் இறங்கின. நைனா தம்பியைப் பார்க்கவில்லை. விருந்தாளிகளைப் பார்த்து, "குடிச்சிட்டு வந்துட்டான், நீங்க வாங்க" என்று அடுத்த கல்லறைக்கு நடந்தார். சித்தப்பாவுக்குக் குடிப்பழக்கமே கிடையாது.

அந்த மேட்டுக்குள் இருந்தவள் என் அத்தை, அவர்களுடைய ஒரே தங்கை. கே.ஜி.கண்டிகையில் பவர்லூம் தறி ஓட்டிய ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றவளை நைனா அறையில் வைத்துப் பூட்டினார். கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. தானே உயிரை விட்டவளுக்கு ஜெபமும் வேண்டாம், கல்லும் வேண்டாம் என்று போதகர் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னவர் நைனாதான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா இதைச் சொன்னாள். புத்திமதியாகச் சொன்னாளா, பயமுறுத்தச் சொன்னாளா, இன்றுவரை தெரியவில்லை.

சித்தப்பா அன்று எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். பிறகு அவர் வரவே இல்லை. அன்று கல்லறைத் தோட்டத்திலிருந்து நாங்கள் திரும்பும்போது ஆட்டோவில், "செத்துப்போன நாய்க்காகவா சண்ட போடுவாங்க?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். முன்னால் இருந்த நைனா திரும்பிப் பார்க்காமலே, அடுத்த வருஷத்துக்குள் அந்த மேட்டை நிரவிவிட்டால் வருகிறவர்கள் வண்டி நிறுத்த வசதியாக இருக்கும் என்றார்.

நாய்தானே என்று நானும் தலையாட்டினேன்.