மூன்றாவது அறிவித்தலை நிறுத்திய எங்கள் அக்கா

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அவரின் தங்கை எழுதுகிறேன். அழுதழுது எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் பெருமைதான் முந்திக்கொண்டு வருகிறது.

அக்கா மன்னாரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். இளவயதிலேயே இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து, பொலிதேயாமாப் பகுதியில் சிஞ்ஞோரா என்று அழைக்கும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அதே நகரின் பிரான்காச்சோப் பகுதியில் யாழ்ப்பாணத்துச் சைவப் பெண் ஒருவரோடு ஓர் அறையில் இருந்தார். இவர் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த, அவர் பிள்ளையாருக்கு விளக்கு வைப்பார். சண்டை வந்தால் கறிக்கு உப்புப் போடுவதில்தான் வரும்.

பிறகு அக்காவுக்கு இங்கேயே ஒரு சம்பந்தம் முற்றாகியது. நல்ல இடம் என்று எல்லோரும் சொன்னோம். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் கோயிலில் குருவான சுவாமி மூன்று ஞாயிறு திருமண அறிவித்தல் வாசிப்பார். இரண்டு வாசித்தாயிற்று. அந்த வாரம் மாப்பிள்ளை, "உந்தச் சைவக்காரியோடை இனிக் கதைக்கக் கூடாது" என்றார். அக்கா மறுத்ததும் அக்காவின் கைத்தொலைபேசியைப் பறித்துக்கொண்டு, "என்னைக் கட்டுறவள் என்ரை சொல்லைத்தான் கேக்க வேணும்" என்றாராம்.

அக்கா தோழியின் தொலைபேசியிலிருந்து மன்னாருக்கு எடுத்தார். அப்போது நானும் ஊரில்தான்; அப்பாவின் பக்கத்தில் நின்றேன்.

"அப்பா, நாளைக்குச் சுவாமியிட்டைப் போறன். மூண்டாவதை வாசிக்க வேண்டாம் எண்டு சொல்லப் போறன்."

"சனம் கதைக்கும், பிள்ளை."

"கதைக்கட்டும். பீடத்துக்கு முன்னாலை நிண்டு பொய்க்கு ஓம் சொல்லேலாது."

"இளையவளை இனி ஆர் கேட்டு வருவினம்?" என்று அம்மா அழத் தொடங்கினார்.  அப்பாவோ, "சரி, போ. இஞ்சை நான் பாக்கிறன்" என்றார்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மூன்றாவது அறிவித்தல் வாசிக்கப்படாமல் போனதும் அக்காவை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அக்கா ஒரு ஞாயிறு பூசையும் விடவில்லை. அந்த மாப்பிள்ளையின் தாயாரைக் கோயிலில் கண்டால் தானே முதலில் போய்ச் சுகம் விசாரிப்பார். "மன்னிக்கிறது வேறை, கட்டுறது வேறை" என்பார். இதைவிட நல்ல பிரசங்கம் நான் கேட்டதில்லை.

சில வருடம் கழித்து, துறைமுகத்தில் வேலை செய்த அத்தான் அக்காவைக் கல்யாணத்துக்குக் கேட்டார். அக்கா "இப்ப வேண்டாம்" என்றார். "சரி" என்றுவிட்டுப் போனவர், அடுத்த ஞாயிறும் அக்காவோடும் தோழியோடும் முகம் கோணாமல் சிரித்துக் கதைத்தாராம். "இல்லை எண்டதைத் தாங்கின ஆள். அதுதான் பிறகு ஓம் எண்டனான்" என்று எங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுவார். இருவருக்கும் கோபதாபம் வராமலில்லை. ஆனால் சமாதானமாகாமல் இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய செபமாலையைத் தொட அக்கா விடமாட்டார். அத்தானுக்குச் சில நாள் சாப்பாடு பிந்தியதும் அதனால்தான்.

பல வருடங்களுக்குப் பின் அக்கா நோயாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார்; நோய் முற்றியபோது மருத்துவர் இன்னொரு சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார். அத்தான் அதைத்தான் நம்பியிருந்தார்.

"இஞ்சருங்கோ, எனக்குப் போதும். வீட்டை போவம்" என்றார் அக்கா.

அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, "ஓம், போவம்" என்றார்.

அக்காவைப் பராமரித்த தாதியருக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமிக்கும், கஞ்சி காய்ச்சி வந்த பங்கு மக்களுக்கும், கடைசிவரை கால் பிடித்துவிட்ட அந்தச் சைவத் தோழிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தான், உங்களுக்கு நன்றி சொன்னால் அக்கா என்னை ஏசுவார். இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் நெஞ்சு எவ்வளவு நொந்தும், எங்கள் அக்காவை அவர் கேட்டபடியே வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள்.